பாய்க்கப்பலில் வந்த பல் டொக்டர்

குச்சவெளிக்கு வடக்கே உள்ள கடற்கரைப் பக்கம் நான் போனால், சிலர் முதலில் விசாரிப்பது என் சுகத்தை அல்ல. "உம்மட டொக்டரம்மா இருக்கிறாவோ, போயிட்டாவோ?" என்றுதான் கேட்பார்கள். கேட்கிற தொனியிலேயே எந்தப் பதில் அவர்களுக்கு இனிக்கும் என்பது விளங்கிவிடும். "தெரியாது" என்பேன். உண்மையும் அதுதான். நாட்டைவிட்டுப் போனபிறகு அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. ஒன்றைமட்டும் உறுதியாகச் சொல்வேன். அவர் இறந்துபோயிருந்தாலும், அதை யாராவது போய்ச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

மற்றவர்களுக்கு நம்பிக்கை இருக்கிற இடத்தில் அவருக்கு ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையை அடைக்க வேண்டிய பல் வைத்தியரும் அவரேதான்.

மலேசியாவில் சுங்கை பட்டாணி என்ற ஊரில் பல் டொக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டிய தமிழ்ப் பெண்மணி. மெலிந்த உடம்பு, ஆண்கள் போடும் களிசான், குட்டையாக வெட்டிய நரைமுடி. தன்னந்தனியாக ஒரு வெள்ளைப் பாய்க்கப்பலை ஓட்டிக்கொண்டு கடலைக் கடந்து திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்திருந்தார். எங்கள் கரையோரமாகப் போய்ப் பழைய இடிபாடுகளைப் பார்ப்பது அவர் நோக்கம். எனக்கு எந்த நோக்கமும் இல்லை. அது பெற்றோல் வரிசைக் காலம். உல்லாசப் பயணிகளை ஏற்றி இடம் காட்டுகிற என் ஓட்டோ வரிசையில் நின்ற இடத்தில், அதன் கீழே புல் முளைத்து, அந்தப் புல்லை ஆடு வந்து மேய்ந்துவிட்டும் போய்விட்டது.

வெளிநாட்டுப் பாய்க்கப்பல்களின் காரியங்களைப் பார்க்கும் முகவர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். துறைமுகத்தைவிட்டு வெளியே போகிற கப்பலில் உள்ளூர் ஆள் ஒருவர் கூட இருந்து, எங்கே நிற்கிறோம் என்று அன்றாடம் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அதை அவர் கடற்படைக்குச் சொல்லுவார். அந்த வேலைக்கு என்னைப் பிடித்தார். தமிழ் தெரியும், இங்கிலீஷ் தெரியும், சரித்திரம் தெரியும், நீந்தத் தெரியும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். இவற்றில் முதலாவது உண்மை.

"சண்டை சச்சரவு இல்லாமல் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார் முகவர். "கரையில ஒரு பிரச்சினை எண்டு நேவிக்குக் கதை போச்சுதெண்டா, கப்பல் ஒண்டையும் வெளியில விடமாட்டினம். பேந்து எனக்கும் வேலையில்லை, உமக்கும் வேலையில்லை."

உட்துறைமுகத்தில் நின்ற கப்பலில் போய் ஏறினேன். "பசியாறிட்டீங்களா?" என்று டொக்டர் கேட்டார். அந்த நாட்டுத் தமிழர் காலையில் இப்படித்தான் உபசரிப்பார்கள் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "இன்னும் இல்லை டொக்டர்" என்று சொல்லி ஆவலோடு நின்றேன்.

"நல்லது. வெறும் வயிறுன்னா வாந்தி எடுக்க ஒண்ணும் இருக்காது. வாயத் தொறங்க."

ஏதோ தின்னத் தரப்போகிறார் என்று திறந்தேன். எட்டிப் பார்த்தார்.

"வெத்தல போடுவீங்களா?"

"விட்டுக் கனகாலம் டொக்டர்."

"நேத்து போட்டிருக்கீங்க. நீந்தத் தெரியுமா?"

"ஓம். துறைமுகத்துக்குப் பக்கத்தில பிறந்து வளந்தனான்."

முதுகில் ஒரு கை பட்டது ஞாபகம். அதற்கடுத்த ஞாபகம் உப்பு. இரண்டு தரம் மேலே வந்து, இரண்டு தரமும் வானத்தைச் சரியாகப் பார்க்க முடியாமல் கீழே போனேன். மூன்றாவது தரம் கொக்கிக் கம்பு ஒன்று என் கொலரில் மாட்டி, ஒரு பழைய சாரத்தை இழுப்பதுபோல என்னைக் கப்பலோரம் இழுத்தது.

"தெரியும்னு சொன்னீங்க" என்றார் மேலே நின்றபடி.

"மறந்துபோச்சுது டொக்டர்."

"நீச்சல் மறக்காது, தம்பி."

செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டை ஒன்றைத் தூக்கி என்மீது எறிந்தார். யாரோ சின்னப் பிள்ளைக்குத் தைத்த அளவு. அந்தப் பயணம் முடியும்வரை அதை நான் கழற்றவில்லை. கரையில் தேத்தண்ணி குடிக்கப் போனபோதும் போட்டிருந்தேன். அவரோடு போகும்போது தரையிலும் தண்ணீர் இருக்கலாம் என்ற பயம்.

அன்றோடு எங்களுக்குள் பகை. சாதாரணமாக நான் பகையை நெடுநாள் வைத்துப் பராமரிக்கிற ஆள் இல்லை, சோம்பேறி. அவரோ அதற்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றினார். கப்பலில் கடலின் ஆழத்தைக் காட்டும் கருவி இருந்தது, கடல் வரைபடம் இருந்தது, தொலைபேசியிலும் ஒரு படம் இருந்தது. மூன்றும் ஒரே எண்ணைக் காட்டினாலும் விடமாட்டார். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு ஒன்றைக் கடலில் இறக்கி, தானே முழம் போட்டுப் பார்ப்பார். குண்டின் அடியில் ஒரு குழி. அதில் மாஜரின் அடைத்துவிடுவார். அடிநிலத்து மண் அதில் ஒட்டிக்கொண்டு வரும். அதை விரலால் தேய்த்து, மணலா சேறா என்று பார்த்த பிறகுதான் நங்கூரம். நாங்கள் பாணுக்குப் பூச மாஜரின் கிடைக்காமல் இருந்த காலத்தில், இவர் வங்காள விரிகுடாவின் அடிக்குப் பூசிக்கொண்டிருந்தார்.

பாஸ்போட்டைப் பார்க்க வந்த கடற்படைப் பையனிடம், "ஒங்களுக்கு வலது பக்கம் கடவாப்பல்லு போச்சு. வலிக்கலன்னு சொல்லாதீங்க" என்று இங்கிலீஷில் சொல்ல, அவன் கையில் முத்திரையோடு திகைத்து நின்றான். முகவர் அன்றாடம் போன் எடுத்து, "பிரச்சினை ஒண்டும் இல்லையே?" என்பார். நான் "ஒண்டுமில்லை" என்று சொல்லும்போது டொக்டர் போனைப் பறித்து, "இருக்கு. ஒங்க ஆளுக்கு நீந்தத் தெரியல" என்பார். முகவர் மறுபக்கத்தில், "அது எனக்குத் தெரியும் டொக்டர்" என்பார்.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் கேட்டேன். "டொக்டர், உலகத்தில ஒரு மனிசன் சொல்லுறதையாவது நீங்கள் நம்புவீங்களோ?"

அவர் யோசித்துப் பார்த்தார். கோபிக்கவில்லை. "ஆயுசுல பாதிய மத்தவங்க வாய்க்குள்ளயே கழிச்சிட்டேன். வர்றவங்க எல்லாரும் தெனம் ரெண்டு வேள வெளக்குறேன்னுதான் சொல்வாங்க. மந்திரியும் சொல்வாரு, சாமியாரும் சொல்வாரு. நா வாய் சொல்றதக் கேக்க மாட்டேன். பல்லத்தான் பாப்பேன்."

அவருடைய ஊருக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில், பழைய செங்கல் அடித்தளங்கள் இருக்கின்றனவாம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கமிருந்து கப்பல்கள் அங்கே போயிருக்கின்றன என்று அவர்களுடைய கோயில் திருவிழா மேடையில் ஒவ்வொரு வருடமும் யாராவது முழங்குவார்களாம். "அங்கேயிருந்து வந்தோம், இங்கேருந்து போனோம்னு மைக்கப் புடிச்சிக்கிட்டுக் கத்துவான். நீ போய்ப் பாத்தியான்னு கேட்டா, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கிப் போயிடுவான்." அதனால் தானே பார்க்க வந்தவர். பேச்சாளர் ஒருவரைப் பொய்யராக்குவதற்காக ஒரு கடலையே கடந்த மனுசியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போர்த்துக்கேயர் கட்டிய திருகோணமலைக் கோட்டையின் வாசலுக்கு அவரைக் கூட்டிப்போன நாள் எனக்கு மறக்காது. வாசல் நிலையாக வைத்திருக்கும் கல்லில் பழைய எழுத்துகள் பொறித்திருக்கும். நான் என் வழக்கமான குரலை எடுத்துக்கொண்டேன். "டொக்டர், இது ஆதிக் கோயிலின்ர தூண். அந்தக் கோயிலைக் கடல் கொண்டு போயிட்டுது." உல்லாசப் பயணிகள் இந்த இடத்தில் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். நானும் கூட விடுவேன்.

அவர் பெருமூச்சு விடவில்லை. கல்லின் விளிம்பில் பெருவிரலை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவினார். கல்லைக் கொத்திச் சரிக்கட்டிய இடம் வந்ததும் நிறுத்தினார்.

"விழுந்த பல்லு வேற, புடுங்குன பல்லு வேற. இது புடுங்குனது."

பெருவிரல் அங்கேயே இருந்தது. கோயிலுக்குப் போகிற சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிடும்போல இருந்தது. நல்லவேளை, அவரே காப்பாற்றினார். "கடல் கொண்டு போச்சுன்னு சொல்லி இத்தன வருஷமா சம்பாதிச்சிருக்கீங்க" என்றார்.

வடக்கு நோக்கிப் புறப்பட்ட அன்று சுவாமி மலைக்குக் கீழே கடலில் போனோம். செங்குத்தான பாறை, உச்சியில் கோணேசர் கோயில். அந்த இடத்தைக் கடக்கும்போது தோணிக்காரர் தேங்காய் எறிவது உண்டு. நானும் ஒன்று கொண்டுபோயிருந்தேன். கண்ணை மூடிக் கும்பிட்டு எறிந்தேன்.

"எதுக்கு அது?"

"பாதுகாப்புக்கு."

தேங்காய் அலையில் ஏறி இறங்கிப் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "அது நல்லா மிதக்குது. அத வேலைக்கு வச்சிருக்கலாம்."

இப்படியே நிலாவெளியைத் தாண்டி, குச்சவெளியையும் தாண்டி, திரியாய்க்கு நேரே உள்ள கரைக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். கரையில் ஒரு குருவி இல்லை. அவர் குண்டைப் போட்டார், மண்ணைத் தேய்த்தார், நல்ல மணல் என்று தீர்மானித்து நங்கூரம் இறக்கினார். கப்பலின் சின்ன வள்ளத்தில் கரையேறி, றோட்டோரத் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருவரிடம் இரண்டு சைக்கிள் இரவல் வாங்கி, திரியாய் மலையடிக்குப் போனோம். டொக்டர் முன்னால். பிறேக் பிடிக்காத சைக்கிள் எனக்கு. இரண்டையும் அவர்தான் சோதித்துப் பிரித்தார்.

மலை உச்சியில் ஒரு பழைய பௌத்த தாதுகோபம். சுற்றிவர வட்டமாகக் கற்றூண்கள், சில முழுசாக, சில முறிந்து. நான் மூச்சு வாங்கிக்கொண்டே, "இதுகள் ராசாவின்ர குதிரையளைக் கட்டின தூண்கள்" என்றேன்.

அவர் இரண்டு தூண்களுக்கிடையே நின்று இரண்டு கையையும் நீட்டினார். "குதிர எப்படித் திரும்பும்?"

"சின்னக் குதிரை."

"ஒடையாத தூணெல்லாம் ஒரே ஒசரம் பாருங்க. கூர தாங்குனது. குதிரையாம்."

பக்கத்துப் பாறையில் எழுத்துகள் இருக்கின்றன. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எங்கள் நாட்டில் அவரவர் தத்தம் வீட்டில் வாசித்துக்கொண்டு வந்து அங்கே சொல்வார்கள். அங்கே நின்ற காவலாளி ஒன்று சொன்னார். நான் அதற்கு நேர்மாறாக ஒன்று சொன்னேன். காவலாளி குரலை உயர்த்த, நானும் உயர்த்தினேன்.

டொக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். "இந்த எழுத்த ஒங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

காவலாளிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

"அப்ப ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் வரட்டும்."

தள்ளி நின்றோம். தள்ளி நின்ற இடத்தில் காவலாளி எனக்கு ஒரு துண்டு வெற்றிலை தந்தார். எங்கள் சண்டை அங்கே முடிந்தது; பொது எதிரி கிடைத்துவிட்டார்.

மலையிலிருந்து பார்த்தால் வயலுக்கும் பற்றைக்காட்டுக்கும் அப்பால் கடல். அதில் வெள்ளைப் புள்ளியாக அவர் கப்பல். முறிந்த தூண் ஒன்றில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். "கப்பல்காரங்க இந்த மலையத் தூரத்துலேருந்தே பாத்திருப்பாங்க" என்றார் மெதுவாக. சந்தேகம் இல்லாமல் அவர் வாயிலிருந்து வந்த ஒரு வசனத்தை முதல்தரம் கேட்கிறேன் என்று நிமிர்ந்தேன். உடனே, "பாக்காமலும் போயிருக்கலாம்" என்று முடித்தார். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நகர்கிறதா என்பதைத்தான் என்று பிறகு தெரிந்தது. சொந்த நங்கூரத்தையும் நம்பவில்லை.

பொழுதுபட முன் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். அன்று மத்தியானம் கரை ஏன் வெறிச்சோடிக் கிடந்தது என்பதை நாங்கள் இருவருமே கேட்கவில்லை. நான் துறைமுகப் பட்டணத்தான். மீனைச் சந்தையில்தான் எனக்குப் பழக்கம். அவர் கேட்டிருந்தாலும் பதிலை நம்பியிருக்கமாட்டார்.

விடிந்ததும் விளங்கியது. அது கரைவலை இழுக்கிற கரை; முதல்நாள் காலையிலேயே இழுத்து முடித்துச் சனம் வீட்டுக்குப் போயிருந்தது. இன்று, கரை நிறையச் சனம். ஒரு பெரிய வலைத்தோணி எங்களை நோக்கி வந்தது. முன்னால் அணியத்தில் நின்றவர் கரைவலைச் சம்மாட்டியார். வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரர். நெஞ்சில் வெள்ளை மயிர், தலையில் துவாய்.

"அம்மா, கப்பலைக் கெதியா எடுக்கோணும். நீங்கள் நிக்கிறது எங்கட பாடு."

கரைவலை வளைக்கிற கடல் துண்டுக்குப் பாடு என்று பெயர். ஒரு பாட்டில் பல சம்மாட்டிமார் இருப்பார்கள். நாள்முறை போட்டு இழுப்பார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் இயந்திரப் படகெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்த காலம் அது. படகுக்காரர் எல்லாரும் கரைவலைக்கு வந்து சேர, முறை சுற்றி வர வெகுநாளாகியது. இன்று இவர் முறை. இன்று பொழுது சாய முன் வளைத்து இழுக்காவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். கரையில் நின்ற அவ்வளவு சனத்தின் சட்டியும் அந்த முறையில்தான் இருந்தது.

இதையெல்லாம் சம்மாட்டியார் பொறுமையாகச் சொன்னார். டொக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"மேப்ல அப்படி ஒண்ணும் போடலியே."

"மேப் கீறினவன் மீன் பிடிக்கேல்லை, அம்மா. இண்டைக்கு கீரி மீன் கூட்டமா வந்து நிக்குது. அந்தா, தண்ணி கறுக்குதே."

"மேகத்து நெழலு."

எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். மேகம் இல்லை.

"இன்னிக்கு ஒங்க முறைன்னு யாரு சொன்னது?"

"ஊர் சொல்லும்."

"நீங்க கூட்டிட்டு வந்த ஊரு ஒங்க பக்கம்தான் பேசும்."

"இஞ்ச பாருங்கோ, என்ர அப்பா காலத்திலயிருந்து நாங்கள் இதில வளைக்கிறம்."

"அப்பாவக் கூப்புடுங்க."

தோணியில் துடுப்புப் பிடித்திருந்தவன், சம்மாட்டியாரின் மருமகன், "அவர் மேல போயிட்டார்" என்றான்.

"அப்ப அவரும் சாட்சி இல்ல."

நான் இடையில் புகுந்தேன். "சம்மாட்டியார், டொக்டர் என்ன சொல்லுறா எண்டா, உங்கட பெரியவரில அவவுக்கு நல்ல மரியாதை..."

"எனக்குக் காது இருக்கு ஐசே" என்றார் அவர். "அவ தமிழ்தானே கதைக்கிறா."

தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கப் போய், இரண்டு பக்கமும் பேச்சு வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

டொக்டர் பெருமூச்சுவிட்டார். எல்லாம் விளங்கிவிட்டவர்போல, "சரி, எவ்வளவு வேணும்?" என்று கேட்டார்.

அதுவரை சம்மாட்டியாருக்குக் கோபம் வந்திருக்கவில்லை. இப்போது வந்தது. அது சத்தமாக வரவில்லை. துவாயை அவிழ்த்து, உதறி, திரும்பக் கட்டினார். "நான் உங்களிட்டக் காசு கேட்டனானோ?" என்றார். பிறகு மருமகனைப் பார்த்து, "சுத்தி வளையடா" என்றார்.

"மாமா, நங்கூரச் சங்கிலி நிக்குது."

"அவ எடுப்பா. எடுக்காட்டி வலை கிழியட்டும். முறையை விடமாட்டன்."

எங்களுக்கு வெளிப்புறமாகத் தோணி அரைவட்டம் போட்டது. மிதவைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கொஞ்ச நேரத்தில் வலை எங்களைச் சுற்றி நின்றது. அதன் இரண்டு நுனிக் கயிறும் கரையில். இரண்டு வரிசையாகச் சனம் பிடித்து இழுக்கத் தொடங்கியது. வலை கரைக்கு நகர நகர எங்கள் சங்கிலியை நோக்கி வந்தது. முகவரின் முகம் என் கண்ணில் வந்தது. கடற்படையின் முகமும் வந்தது.

இழுக்கும்போது பாரம் தெரியாமல் இருக்க அம்பாப் பாட்டுப் பாடுவார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து இழுப்பார்கள். அன்று அடி எடுத்தவனுக்கு விஷயம் வேறு தேடவேண்டி இருக்கவில்லை. தரைப் பக்கமிருந்து வீசிய கச்சான் காற்று பாட்டை எங்களிடம் சுத்தமாகக் கொண்டுவந்து சேர்த்தது.

"நடுக்கடலில் குந்திக்கொண்டு - ஏலேலோ
நகரமாட்டன் எண்டாவாம் - ஏலேலோ"

டொக்டர் கையை வாயில் குவித்து, "நா குந்தல. நிக்கிறேன்" என்று கத்தினார்.

"ஏலேலோ" என்றது கரை.

"பட்டணத்து வழிகாட்டி - ஏலேலோ
சட்டையோட மிதக்கிறான் - ஏலேலோ"

எனக்கும் ஒரு பங்கு வந்துவிட்டதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

டொக்டர் திடீரென்று பேச்சை நிறுத்திக் குனிந்தார். கப்பலின் கீழே கடல் கறுத்திருந்தது. கறுப்பு அசைந்தது, திரும்பியது, திரும்பும்போது ஒரே நேரத்தில் வெள்ளியாக மின்னியது. ஒரு வாளியைக் கயிற்றில் இறக்கித் தூக்கினார். தண்ணீரோடு சின்ன மீன்கள் சில துடித்தன. ஒன்றை எடுத்து இருபுறமும் பார்த்தார்.

"மீனுதான்" என்றார்.

அவர் வாழ்நாளில் கேட்ட மன்னிப்புகளில் அதுதான் பெரியது என்று நினைக்கிறேன். அதுவும் வாளியிடம்.

"போயிடலாம்" என்று நங்கூரப் பக்கம் திரும்பினார். ஆனால் வெளியே போக வலையைத் தாண்ட வேண்டும். கப்பலின் அடிக்கட்டை ஆழமானது, பின்னால் சுக்கான். அது வலையில் சிக்கினால் வலையும் போகும், கப்பலும் கரைக்கு இழுபடும். சம்மாட்டியாருக்கும் இது தெரியும். அவர் கையைத் தூக்கிக் கரையை நிறுத்தினார். பாட்டு நின்றது. தோணியைக் கொண்டுவந்து, எங்களுக்கு நேரே உள்ள மிதவைகளில் கல்லுக் கட்டி வலையைத் தாழ்த்தினார்கள். மருமகன் தண்ணீரில் இறங்கிக் கட்டினான்.

"சரி அம்மா, தாழ்த்தியாச்சு. நங்கூரத்தை எடுத்து நேர வாங்கோ."

"நா பாக்கணும்."

கரையிலிருந்து ஒருவன், "மீன் போகுதடா" என்று அலறினான். தாழ்த்திய இடத்தால் மீன் வெளியே வழிந்துகொண்டிருந்தது.

"எணை" என்றார் சம்மாட்டியார். மரியாதை குறைந்துகொண்டு வந்தது. "என்ர வலை எங்க நிக்குது எண்டு எனக்குத் தெரியாதோ?"

"தெரியும்னுதான் இவரும் சொன்னாரு" என்று என்னைக் காட்டினார். "நீந்தத் தெரியும்னு."

முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, களிசானோடு அப்படியே கடலில் குதித்தார். குதிக்க முன் என்னிடம், "ஒண்ணும் தொடாதீங்க" என்றார். நான் ஒன்றையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒரு கப்பலுக்குத் தனியாளாகத் தலைவனாக இருந்தேன்.

நரைத்த தலை மிதவைகளுக்குப் பக்கத்தில் மறைந்தது. வந்தது. மறுபடி மறைந்தது. கரையில் கெட்ட வார்த்தைகள் ஒழுங்காக, அம்பாவின் தாளத்தில் வந்தன. கடைசியில் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, "எடது பக்கம் ஒரு கல்லு கழண்டிருக்கு. வல சுருண்டு தூக்கிட்டு நிக்குது" என்றார்.

"பொய்" என்றான் மருமகன். கட்டியவன் அவன்.

சம்மாட்டியார் அவனைக் கீழே அனுப்பினார். அவன் மேலே வந்து ஒருவரையும் பார்க்காமல், "ஓம் மாமா. சுருண்டு நிக்குது" என்றான்.

கரைக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. டொக்டர் சொன்னது பிழையாக இருந்திருந்தால் அந்தக் கரை அவரை மன்னித்திருக்கும். சொன்ன சொல்லை நம்பிக் கப்பலை விட்டிருந்தால், அந்தச் சுருள் அடிக்கட்டையில் மாட்டி, சம்மாட்டியாரின் வலை இரண்டாகியிருக்கும். அதைக் காப்பாற்றியவர் அந்தக் காலையில் அங்கே எல்லாரும் வெறுத்த ஒரே ஆள். இதை எப்படித் தாங்குவது?

மருமகன் கல்லைத் திரும்பக் கட்டினான். டொக்டர் திரும்பவும் கீழே போய்ப் பார்த்தார். சம்மாட்டியார் தோணிக்குள் குந்தி, தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் நங்கூரம் மேலே வந்தது. சின்னப் பாய் ஒன்றை மட்டும் விரித்தார். கச்சான் காற்று எங்களை மெல்ல வெளியே தள்ளியது. மிதவைகளுக்கு மேலால் கப்பல் போகும்போது அவர் மூச்சு விடவில்லை. நான் விட்டேன், ஆனால் சத்தமில்லாமல். ஒன்றும் தட்டவில்லை.

கரைவலைப் பாட்டுக்கு வெகு வெளியே நங்கூரம் போட்டதும் என்னைப் பார்த்தார். "போய் இழுங்க. வாயால இழுத்தது போதும்."

சின்ன வள்ளத்தில் கரைக்குப் போய், கயிற்றின் கடைசியில் ஒரு இடம் பிடித்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி திரும்பி என் சட்டையைப் பார்த்தார். "தம்பி, இஞ்ச தாழ மாட்டீர். கழட்டும்" என்றார். நான் கழற்றவில்லை.

வலையின் மடி கரையேறியபோது மீன் கூட்டத்தில் பாதி இல்லை. தாழ்த்திய இடத்தால் போனது போனதுதான். ஆனாலும் கரை நிறைய மீன் கிடந்தது. சட்டிகளுக்குப் போதும், விற்கவும் இருந்தது. "சொன்னவுடன எடுத்திருந்தா முழுக்க எங்கட" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் ஆமோதித்தார்கள். அது உண்மை. வலை கிழியவில்லை என்பதும் உண்மை. அதை ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, தனியாக நின்று உண்மை பேசுகிற தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

முகவர் போன் எடுத்தார். "பிரச்சினை ஒண்டும் இல்லையே?"

"ஒண்டுமில்லை. எல்லாரும் சேந்து மீன் பிடிச்சனாங்கள்" என்றேன்.

வலையில் கை வைத்த எவருக்கும் கறிக்கு மீன் கொடுப்பது அந்தக் கரையின் வழக்கம். எனக்கு ஒரு கோர்வை கிடைத்தது. சம்மாட்டியார் குவியலுக்குள் கையை விட்டு, கீரிக் கூட்டத்தோடு அகப்பட்ட பாரை ஒன்றைத் தேடி எடுத்தார். கொழுத்த மீன், இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"அது ஆருக்கு?" என்றான் மருமகன்.

"அவவுக்கு."

"அவவுக்கோ?"

"அவவும் வலையில கை வைச்சவ. குடுக்காமல் விட ஏலாது." கொஞ்சத் தூரம் நடந்தபிறகு திரும்பி, "அவவில எனக்கு இருக்கிற கோவம் வேற. அது அப்பிடியே கிடக்கட்டும்" என்றார்.

வள்ளத்தைப் பின்னால் கட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டு அவரே தோணியில் கப்பலுக்கு வந்தார். ஈரத் தலையோடு டொக்டர் எட்டிப் பார்த்தார். சம்மாட்டியார் எழுந்து நின்று, மீனை இரண்டு கையாலும் உயர்த்திக் கொடுத்தார். "வலையில கை வைச்சவைக்குக் கறிக்குக் குடுக்கிறது எங்கட வழக்கம். இது உங்கட பங்கு" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. குரலில் வஞ்சனையும் இல்லை.

டொக்டர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். நன்றி என்று சொல்லப்போகிறார் என்று ஒரு கணம் நானே நம்பினேன். அவர் மீனை வெயில் பக்கமாகத் திருப்பினார். பெருவிரலால் செவுளைத் தூக்கி உள்ளே பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"இது எப்போ புடிச்சது?" என்று கேட்டார்.

சம்மாட்டியார் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். பதில் சொன்னது மீன்தான். ஒரு துள்ளுத் துள்ளி, வாலால் டொக்டரின் கன்னத்தில் ஒன்று வைத்தது.